தாய் செத்ததை யார் பார்த்தது?

கொஞ்சம் நீளமான பதிவு இது. வகுப்பில் நாற்பது நிமிடம் பொறுத்துக் கேட்டவர்கள்தானே நீங்கள்! இதையும் படித்துவிடுங்கள்.

போன வாரம் வேப்பந்தட்டைப் பக்கத்திலிருந்து பழைய மாணவர் ஒருவர் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருந்தார். மக்காச்சோளக் கொல்லையின் வரப்போரம் புல்லுக்குள் சுருண்டு கிடக்கும் புள்ளிமான் குட்டி. கூடவே ஒரு குரல் பதிவு: "சார், தாயைக் காணோம். அநாதையா கிடக்கு. வீட்டுக்குத் தூக்கிட்டுப் போய்ப் பால் குடுக்கட்டுமா?"

அதைக் கேட்டதும் எனக்கு 1986 நினைவுக்கு வந்துவிட்டது.

அப்போது நம் பகுதி திருச்சி மாவட்டம். பெரம்பலூர் தனி மாவட்டமானது 1995இல்; அரியலூர் நிலையாகப் பிரிந்தது 2007இல். காட்டோரக் கிராமம் ஒன்றில் நான் வேலை பார்த்தேன். ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் துண்டில் சுற்றி ஒரு மான்குட்டியைக் கொண்டுவந்தார்கள். "அம்மா செத்துப்போச்சு சார்" என்றார்கள். நானும் நம்பினேன். பசும்பால் வாங்கி, தண்ணீர் கலந்து, சங்கில் புகட்டினோம். குட்டியைச் சுற்றி எப்போதும் ஐம்பது பிள்ளைகள். தொட்டுப் பார்ப்பதும் தடவிக் கொடுப்பதுமாக ஒரே கொண்டாட்டம். இரண்டாம் நாள் கழிச்சல் கண்டது. மூன்றாம் நாள் வயிறு உப்பியது. நான்காம் நாள் விடிவதற்குள் போய்விட்டது. வேப்பமரத்தடியில் புதைத்தோம். அழுத பிள்ளைகளிடம், "நம்மால் முடிந்ததைச் செய்தோம்" என்று சொன்னேன்.

பல வருடம் கழித்து, ஒரு பயணத்தில் சந்தித்த வயதான வனக்காவலர் ஒருவரிடம் இந்தக் கதையைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தாய் செத்ததை யார் சார் பார்த்தது?"

யாரும் பார்க்கவில்லை. பையன்கள் குட்டியைப் பார்த்தார்கள், தாயைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். மான் தன் குட்டியை முதல் சில நாட்கள் புல்லில் மறைத்து வைத்துவிட்டு மேயப் போகும். குட்டி அசையாமல் கிடக்கும். உடம்புப் புள்ளிகள் வெயிலும் நிழலுமாகத் தெரிந்து அதைக் காப்பாற்றும். தாய் திரும்பி வந்து பால் கொடுக்கும். அதாவது, நாங்கள் தூக்கி வந்தது அநாதைக் குட்டியாக இல்லாமலே இருந்திருக்கலாம். அதை அநாதை ஆக்கியது நாங்களாகவே இருக்கலாம்.

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் தாயிழந்த காட்டு உயிர்களை மனிதன் வளர்த்த வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வரலாற்று ஆசிரியனுக்கு வேறென்ன தெரியும்?

நம் நாட்டில் இந்த வரலாறு காப்பதில் தொடங்கவில்லை, பிடிப்பதில் தொடங்கியது. குழி வெட்டி யானை பிடிக்கும் வழக்கம் சங்க காலத்திலேயே இருந்தது. பட்டினப்பாலையில் கரிகாலன் சிறையிலிருந்து மீண்டதைச் சொல்லும் புலவர், குழியில் விழுந்த யானை கரையைக் குத்தி இடித்து வெளியேறித் தன் பிடியிடம் சேர்வதை உவமையாக்குகிறார். நம் கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து புறப்பட்ட படைகளிலும் யானைகள் இருந்தன. வெள்ளைக்காரர் காலத்தில் போருக்குப் பதில் மரத்துக்காக யானை தேவைப்பட்டது. ஆனைமலைத் தேக்கு பம்பாய்க் கப்பல் தளத்துக்குப் போனது. மலை உச்சியிலிருந்து மரங்களைச் சறுக்கி விட்ட இடம்தான் இன்றைய டாப்ஸ்லிப். அந்த மரங்களை இழுக்க யானைகளும், யானைகளைப் பழக்க முகாம்களும் வேண்டியிருந்தன. முதுமலையில் மாயாற்றங்கரையில் உள்ள தெப்பக்காடு முகாமும் இந்த வழியில் வந்ததுதான்.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1977இல் யானை அதன் முதல் அட்டவணைக்குள் சேர்க்கப்பட்டது. குழி வெட்டிப் பிடிக்கும் காலம் முடிந்தது. பிறகு காட்டில் மரம் வெட்டுவதும் குறைந்தது. ஆனால் முகாம்கள் மூடப்படவில்லை, வேலைதான் மாறியது. ஊருக்குள் வரும் யானையை விரட்டக் கும்கிகள், அவற்றோடு தாயை இழந்த கன்றுகள். தலைமுறை தலைமுறையாக யானையைப் பழக்கிய பழங்குடிப் பாகன்களின் கையே இப்போது கன்றுக்குப் பால் புகட்டும் கையானது. இந்த மாற்றக் காலத்தில் முதுமலையிலும் டாப்ஸ்லிப்பிலும் பணிபுரிந்த கால்நடை மருத்துவர் டாக்டர் வி. கிருஷ்ணமூர்த்தியை உங்களில் பலர் ஜெயமோகனின் 'யானை டாக்டர்' கதை வழியாக அறிந்திருப்பீர்கள்.

சரி, பால் புகட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்? இங்கேதான் நான் 1986இல் தோற்றேன். தொல்காப்பியர் மரபியலில் யானையின் இளமைக்கும் பசுவின் இளமைக்கும் 'கன்று' என்ற ஒரே பெயரைத்தான் தருகிறார். பெயர் ஒன்றாக இருக்கலாம், பால் ஒன்றல்ல. பசும்பாலின் கொழுப்பு யானைக் கன்றின் வயிற்றுக்கு ஒத்துவராது. கழிச்சல் கண்டால் உடலின் நீர் வற்றி, ஓரிரு நாளில் கன்று சாய்ந்துவிடும்.

இதற்கு விடை தேடியவர் கென்யாவின் டாப்னி ஷெல்ட்ரிக் அம்மையார். அவர் கணவர் டேவிட், சாவோ கிழக்கு தேசியப் பூங்காவின் முதல் காப்பாளர். பல வருடங்கள் பல கன்றுகளை இழந்த பிறகு, தேங்காய் எண்ணெயின் கொழுப்பு தாய்ப்பாலின் கொழுப்புக்கு ஈடு கொடுப்பதைக் கண்டுபிடித்தார். நம் வீட்டு அடுப்படியில் இருக்கும் பொருள்! அந்தப் பாலில் தேறிய முதல் கைக்கன்றுகளில் ஒன்று ஆயிஷா. ஆறு மாதம் வரை நன்றாக வளர்ந்தது. மகள் கல்யாணத்துக்காக அம்மையார் சில நாட்கள் வெளியூர் போனார். ஆயிஷா பால் குடிக்க மறுத்தது. அவர் திரும்பி வந்த கொஞ்ச நேரத்தில் இறந்துபோனது. பாலில் குறையில்லை, ஏக்கம்தான் அதைக் கொன்றது. ஒரே ஆளிடம் கன்று ஒட்டிக்கொள்ள விட்டது தன் தவறு என்று உணர்ந்த அவர், அதன்பின் பல பராமரிப்பாளர்களை மாற்றி மாற்றி வைத்தார். இரவில் கன்றோடு படுத்துறங்கவும் ஆள் உண்டு. 1977இல் கணவர் பெயரில் அவர் தொடங்கிய அறக்கட்டளை இன்றும் நடக்கிறது. அம்மையார் 2018இல் காலமானார்.

பக்கத்து நாடான இலங்கையில் இரண்டு பாடங்கள் உண்டு. 1975இல் பின்னவலையில் யானைகள் காப்பகம் தொடங்கினார்கள். கன்றுகள் பிழைத்தன, மனிதரோடு பழகின, அங்கேயே தங்கிவிட்டன. 1995இல் உடவளவையில் தொடங்கிய இடைத்தங்கல் இல்லம் வேறு வழியில் போனது. குறித்த நேரத்தில் பால் கொடுப்பார்கள், மற்றபடி நெருங்க மாட்டார்கள். பெயர் சொல்லிக் கொஞ்சுவது, விளையாடுவது எல்லாம் கிடையாது. கன்றுகள் தமக்குள்ளேயே ஒரு கூட்டமாகும். ஏறக்குறைய ஐந்து வயதில் அந்தக் கூட்டத்தோடு காட்டுக்குள் விடுவார்கள். இப்படிக் காட்டுக்குத் திரும்பியவை நூற்றுக்கும் மேல். கொஞ்சாமல் வளர்ப்பதும் அன்புதான் என்பதை எனக்கு உடவளவை சொல்லிக்கொடுத்தது. கண்டிப்பான சார் என்று என்னைத் திட்டிய மாணவர்கள் இந்த வரியைக் கவனிக்கவும்!

இனி நம் பொம்மன், பெள்ளி கதை. 2017இல் ஓசூர் வனப்பகுதியில் தாய் மின்சாரம் தாக்கி இறந்துபோக, நாய்க்கடிப் புண்களோடு தனித்துத் திரிந்த கன்றுதான் ரகு. தெப்பக்காட்டில் அதைக் காட்டுநாயக்கர் சமூகத்தைச் சேர்ந்த இந்த இருவரிடம் ஒப்படைத்தார்கள். 2019இல் சத்தியமங்கலம் காட்டிலிருந்து அம்மு வந்து சேர்ந்தது. ஏற்கெனவே மகளைப் பறிகொடுத்தவர் பெள்ளி. அந்தக் கை ரகுவுக்குப் பால் புகட்டியது. பிறகு ஒருநாள் ரகுவை வேறு பாகன்களிடம் மாற்றினார்கள். அந்தப் பிரிவு அவர்களை எப்படி வாட்டியது என்பதைக் கார்த்திகி கோன்சால்வ்ஸ் எடுத்த 'தி எலிபென்ட் விஸ்பரர்ஸ்' ஆவணப்படத்தில் பார்த்திருப்பீர்கள். 2023 மார்ச்சில் அந்தப் படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது. அதே ஆண்டு பெள்ளியை அரசு யானைக் காவடியாக நியமித்தது. தமிழகத்தில் அந்தப் பணிக்கு வந்த முதல் பெண் அவர்.

உலகம் கைதட்டிய அதே மார்ச் மாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று பெண் யானைகள் இறந்தன. இரண்டு கன்றுகள் தாயில்லாமல் நின்றன. சில நாளில் அதே மாவட்டத்தில், கூட்டத்தைப் பிரிந்த வேறொரு கன்று கிணற்றில் விழுந்தது. மீட்டு, கூட்டத்தோடு சேர்க்கப் பார்த்தார்கள். முடியவில்லை. தெப்பக்காட்டுக்குக் கொண்டுபோய்ப் பொம்மனிடமே கொடுத்தார்கள். கழிச்சல் கண்டு, மாதக் கடைசியில் அந்தக் கன்று இறந்துபோனது. ஆஸ்கர் மேடை வரை பேர் போன கைகள், பக்கத்திலேயே மருத்துவர்கள், அப்படியும் பிழைக்கவில்லை. நான்கே நாள் வைத்திருந்த என் மான்குட்டியை அன்று மறுபடி நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் வளர்ப்பதைவிடத் தாயிடம் சேர்ப்பதே முதல் மருந்து என்று வனத்துறை இன்று பாடுபடுகிறது. 2023 டிசம்பர் கடைசியில் ஆனைமலைப் புலிகள் காப்பகத்தில் வழிதவறிய ஒரு கன்றைக் கண்டார்கள். ட்ரோன் விட்டுக் கூட்டம் இருக்கும் இடத்தைத் தேடி, கன்றைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அப்புறம் அந்தக் கன்று தாயின் காலடியில் படுத்துத் தூங்கும் படம் வெளிவந்தது. கையில் ஃபோன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் அதைப் பார்த்திருப்பீர்கள். நானும் பார்த்தேன், வெகுநேரம் பார்த்தேன்.

நம் ஊருக்கு வருகிறேன். நம்மிடம் யானை இல்லை. ஆனால் வெண்பாவூர் காட்டுப்பக்கம் மான்கள் உண்டு, ஊரெங்கும் மயில்கள் உண்டு. 2024இல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த கரைவெட்டிப் பறவைகள் சரணாலயம் நம் அரியலூர் மாவட்டத்துடையது. கோடையில் தண்ணீர் தேடி வரும் மான் தரைமட்டக் கிணற்றில் விழுகிறது, தார்ச்சாலையில் அடிபடுகிறது, நாய்களிடம் சிக்குகிறது. உண்மையிலேயே தாயிழந்த குட்டிகளும் இருக்கத்தான் செய்கின்றன. ஆகவே ஒரு பழைய வாத்தியாராக நாலு விஷயம் சொல்லிவிடுகிறேன்.

ஒன்று, தனியாகக் கிடக்கும் குட்டி எல்லாம் அநாதை அல்ல. தள்ளி நின்று, சத்தமில்லாமல், சில மணி நேரம் பாருங்கள். கூட்டம் கூடினால் தாய் வராது.

இரண்டு, அடிபட்டிருந்தாலோ, தாய் இறந்ததைக் கண்ணால் பார்த்திருந்தாலோ, நாய் நெருங்கினாலோ உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள். கையில் வந்து சேர்ந்த காட்டு விலங்கைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். வீட்டில் வளர்ப்பது குற்றம்.

மூன்று, பசும்பால் வேண்டாம். பிஸ்கட், சோறு எதுவும் வேண்டாம். வனத்துறை வரும்வரை நிழலும் அமைதியும் போதும்.

நான்கு, கொல்லையில் பயன்படாத கிணறு இருந்தால் சுற்றுச்சுவர் கட்டுங்கள். மின்வேலியில் திருட்டு மின்சாரம் விடாதீர்கள். அநாதைகளைக் காப்பாற்றுவதைவிட அநாதை ஆக்காமல் இருப்பது சுலபம்.

போன வாரத்து மாணவரிடம் இதில் பாதியைத்தான் சொல்ல நேரம் இருந்தது. "தொடாதே தம்பி. நாய் வராமல் மட்டும் பார்த்துக்கொள். ரேஞ்சர் ஆபீசுக்கு ஃபோன் பண்ணு. தூரத்தில் போய் உட்கார்" என்றேன். களத்து மேட்டுப் புளியமரத்தடியில் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாராம். பொழுது சாய்ந்ததும் கூப்பிட்டார். குரல் ரகசியம் பேசுவது போல இருந்தது. "சார், வந்துடுச்சு சார். நக்கிக் குடுத்துது. இப்ப ரெண்டும் போயிடுச்சு."

1986இல் குட்டியைக் கொண்டுவந்த மூவரும் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று தெரியும். உங்களுக்கும் இன்று ஐம்பது வயது ஆகியிருக்கும். நீங்கள் இரக்கத்தால்தான் அதைத் தூக்கி வந்தீர்கள். அதில் தப்பே இல்லை. "தாய் செத்ததை யார் பார்த்தது?" என்று அன்று கேட்டிருக்க வேண்டியவன் நான். கேட்கத் தெரியவில்லை. முப்பத்தொன்பது, நாற்பது வருடம் தாமதமாக இந்தப் பாடத்தை நடத்துகிறேன். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்