இடாப்பில் கோடு விழுந்த பெயர்கள்

நூற்றாண்டு விழாவில் நம் பாடசாலையின் பரீட்சைப் பெறுபேறுகளைப் பெருமையோடு நினைவுகூருகிறோம். ஆனால் சித்தி வீதம் என்பது பரீட்சைக்குத் தோற்றியவர்களை மட்டும் வைத்துக் கணக்கிடப்படுவது. தோற்றாமற் போனவர்களைத் தேட வேண்டுமானால் சேர்வு இடாப்பைத்தான் புரட்ட வேண்டும். மன்னாரில் அந்த இடாப்பு ஊரின் வரலாறும்தான்.

1945இல் இலவசக் கல்வி வந்தது. கட்டணம் நீங்கியது, வீட்டு நிலைமை நீங்கவில்லை. பேசாலை, தலைமன்னார்க் கரைகளில் காற்று மாறினால் தொழிலும் இடம் மாறும். குடும்பங்கள் வாடிகளுக்குப் போகும். ஆண் பிள்ளைகளைக் கடல் அழைத்தது. தாய் கருவாடு காயப்போடச் சென்றால் சின்னப் பிள்ளைகளைப் பார்ப்பவள் மூத்த மகள். அவளுக்குக் கணக்கு வராமலில்லை. வகுப்புக்கு வர நேரந்தான் இல்லை.

பிறகு 1990. ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டதும் பலர் படகேறி இராமேஸ்வரம் சேர்ந்து, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். பிள்ளைகள் தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் படித்தார்கள். திரும்பியவர்கள் இங்குள்ள பாடத்திட்டத்தை மறுபடி பிடிக்க வேண்டியிருந்தது. வேறு பலர் மடுத் தேவாலயச் சூழலில் தஞ்சமடைந்தார்கள். ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகளின் உத்தரவால் தீவின் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டு, கடல்வழியாகக் கற்பிட்டிக்குச் சென்றார்கள். ஒரே வாங்கில் இருந்த தோழிகளில் ஒருத்தி புத்தளத்தில், ஒருத்தி மண்டபத்தில், ஒருத்தி மடுவில். 2007, 2008இல் முசலியும் மாந்தை மேற்கும் இடம்பெயர்ந்தபோது அடுத்த தலைமுறையும் இதையே கண்டது.

ஆகவே ஒரு வருடம் பெறுபேறு குறைந்தால் "பிள்ளைகள் படிக்கவில்லை" என்று சொல்லிவிட முடியாது. எந்தக் குடும்பம், என்ன தொழில், எந்த முகாம், எத்தனையாவது பாடசாலை என்ற கேள்விகளுக்குப் பிறகுதான் புள்ளியைப் பற்றிப் பேசலாம். இத்தனைக்கும் நடுவே பரீட்சை மண்டபம் வரை வந்து சேர்ந்ததே பலருக்கு ஒரு சித்திதான்.

அன்பான சகோதரிகளே, பரீட்சை எழுதாமலே போனவர்களும் நம் பழைய மாணவிகள். நீங்கள் எந்த நாட்டில் இருந்தாலும், உங்கள் வகுப்பில் இடையில் நின்ற தோழியின் பெயரையும் அவள் போன திசையையும் எழுதி அனுப்புங்கள். அந்தப் பெயர்களும் சேர்ந்தால்தான் நமது நூறு ஆண்டு நிறைவுறும்.