தமிழர் வழிபாட்டில் பாட்டின் இடம்

இந்து சமயம் என்று இன்று நாம் வழங்கும் பெருநெறிக்குத் தோற்றுவித்தவர் என ஒருவர் இலர். யாவரும் ஒப்ப முடிந்த ஒரே நூலும் இல்லை. வினையும் மறுபிறப்பும் உண்டு. உயிர் அடையத்தக்க வீடுபேறு உண்டு. பரம்பொருளைப் பல வடிவிலும் வடிவின்றியும் வழிபடலாம் என்பன அந்நெறியில் பரவலாக வேரூன்றிய கொள்கைகள். வேத வேள்வியும், ஆகமப் பூசையும், ஊர் எல்லையில் ஐயனாருக்கும் மாரியம்மனுக்கும் எடுக்கும் விழாவும், வீட்டில் மாலையில் ஏற்றும் விளக்கும் அதனுள் அடங்கும். இத்துணை விரிந்த நெறியைப் பிறமொழி வழங்கும் நகரில் வளரும் நம் பிள்ளைகட்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? தமிழர் வழிபாட்டிற்குத் தனிச்சிறப்பாய் அமைந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு தொடங்குதல் நலம் எனக் கருதுகிறோம். அதுவே பாட்டு.

சங்க காலத் தமிழர் முல்லைக்கு மாயோனையும் குறிஞ்சிக்குச் சேயோனையும் மருதத்திற்கு வேந்தனையும் நெய்தலுக்கு வருணனையும் உரிய தெய்வங்களாகக் கொண்டனர் என்பது தொல்காப்பியத்தால் அறியப்படும். போரில் வீழ்ந்த வீரர்க்கு நடுகல் நாட்டி வழிபட்டனர். ஊர்ப் பொதுவிடத்தில் நட்ட கந்தினைத் தெய்வம் உறையும் இடமெனப் போற்றினர். முருகனுக்கு வேலன் ஆடிய வெறியாட்டில் ஆடலும் பாடலும் இயைந்திருந்தன. எனவே பெருங்கோயில்கள் எழுமுன்னரே தமிழர் வழிபாட்டில் பாட்டு இடம்பெற்றிருந்தது எனலாம்.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முதலாம் மகேந்திரவர்மன் மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து கோயில் அமைத்தான். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அயன், அரன், அரி மூவர்க்கும் அதனை எடுத்ததாக அவன் கல்வெட்டே கூறுகிறது. அழியும் பொருள்களால் ஆன கோயில் அழியாக் கல்லில் நிலைபெறத் தொடங்கிய அந்நூற்றாண்டிலேயே அப்பரும் சம்பந்தரும் ஊர் ஊராகச் சென்று பதிகம் பாடினர். நாயன்மார் அறுபத்து மூவர், ஆழ்வார் பன்னிருவர் என நாம் போற்றும் அடியார் வரிசையில் அரசரும் அந்தணரும் வேளாளரும் வணிகரும் குயவரும் வேடரும் பாணரும் உளர். அவர்களுட் பாடியோர் ஒவ்வோர் ஊரின் பெயரையும் ஆற்றையும் சோலையையும் பாட்டினுள் வைத்தனர். அதனால் தலங்கள் புகழ்பெற்றன. பாமரர்க்கும் இறைவன் தம் ஊரான் ஆனான்.

கோயிலில் நாள்தோறும் நிகழும் பூசையை நோக்குவோம். இறைவனை ஊரின் அரசனாகவும் வீட்டின் விருந்தினனாகவும் கொண்டு திருமஞ்சனம் ஆட்டுவர், ஆடையும் மாலையும் அணிவிப்பர், திருவமுது படைப்பர், விளக்கொளி காட்டுவர். இச்செயல்களைக் கருவறையுள் நின்று செய்பவர் சிலரே. வெளியே நிற்கும் பலரும் அவ்வழிபாட்டில் தம் குரலால் கலந்துகொள்ள வாயிலாய் அமைந்தது தமிழ்ப் பாட்டு.

அப்பாட்டு தானே நிலைத்துவிடும் என்று நம் முன்னோர் எண்ணி இருந்துவிடவில்லை. ஒன்பதாம் நூற்றாண்டுப் பல்லவர் காலத்துத் திருவல்லம் கல்வெட்டு, திருப்பதியம் பாடுவார்க்கு ஊதியம் வகுத்தமையைக் குறிக்கின்றது. 1010ஆம் ஆண்டில் நிறைவெய்திய தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் திருப்பதியம் விண்ணப்பம் செய்ய 48 பிடாரரையும், உடன் இசைக்க உடுக்கை வாசிப்பார் ஒருவரையும் கொட்டிமத்தளம் வாசிப்பார் ஒருவரையும் அமர்த்தினான். இவ்வைம்பதின்மர்க்கும் ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல் வகுக்கப்பட்டது. பன்னிரண்டு குறுணி ஒரு கலம் ஆதலின், பாட்டின் பொருட்டு நாள்தோறும் பன்னிரண்டரைக் கலம் நெல் அளக்கப்பெற்றது என்க. பாடுவோர் ஒவ்வொருவர் பெயரும் கல்லிற் பொறிக்கப்பட்டது.

அக்கல்வெட்டில் நம் போன்றோர் கருதிப் பார்க்கத்தக்க விதி ஒன்று உண்டு. பாடுவோருள் இறந்தவர்க்கும், ‘அனாதேசம் போனார்’ எனப்படும் வேற்றிடம் சென்றவர்க்கும் மாற்றாக, அவர்தம் நெருங்கிய உறவினர் அந்நெல்லைப் பெற்றுப் பாட வேண்டும். அவ்வுறவினர் தாம் தகுதியற்றவராயின், தகுதியுடைய வேறொருவரைத் தேடிப் பாடுவிக்க வேண்டும். உறவினரே இலராயின், ஏனைப் பாடகர் கூடித் தக்காரைத் தெரிந்தெடுக்க வேண்டும். பிறப்பு முதல் உரிமையைத் தந்தது. ஆயினும் கல்வியின்றி அவ்வுரிமை நிற்கவில்லை. ஊர்விட்டுப் போவோர் உண்டு என்பதையும், அதனால் பாட்டு நின்றுவிடலாகாது என்பதையும் ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே எண்ணிப் பார்த்திருக்கின்றனர்.

வைணவ மரபும் இதற்கு இணையானது. மறைந்துபோகும் நிலையிலிருந்த ஆழ்வார் பாசுரங்களை நாதமுனிகள் தேடித் தொகுத்து இசையமைத்தார் என்பது குருபரம்பரைச் செய்தி. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, திருவாய்மொழி ஓதுவார்க்கு நிவந்தம் அளித்ததைத் தெரிவிக்கின்றது. தேவார ஏடுகளைத் தில்லையில் கண்டெடுத்து நம்பியாண்டார் நம்பி தொகுத்தார் எனச் சைவ மரபு கூறும். இரு மரபினரும் சொல்லும் வரலாற்றில் இழப்பின் அச்சமும் மீட்பின் மகிழ்ச்சியும் சேர்ந்தே உள்ளன.

இவ்வரலாற்றில் மறைத்தற்கியலாத குறை ஒன்றும் உண்டு. பாணர் குலத்துத் திருப்பாணாழ்வாரின் பத்துப் பாசுரங்கள் திவ்வியப் பிரபந்தத்தில் இடம்பெற்றன. திருநாளைப்போவார் அறுபத்து மூவருள் ஒருவராக வணங்கப்பெற்றார். எனினும் ஒடுக்கப்பட்ட குலத்தார்க்குக் கோயில் வாயில் பல நூற்றாண்டுகள் அடைபட்டே கிடந்தது. 1939 சூலை 8ஆம் நாள் வைத்தியநாத ஐயர் தலைமையில் அம்மக்கள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் நுழைந்தனர். 1947இல் சென்னை மாகாணக் கோயில் நுழைவுச் சட்டம் வந்தது. பாட்டு ஏற்றுக்கொண்ட மாந்தரை வாயில் ஏற்கக் காலம் மிக நீண்டது. சமயத்தைப் பிள்ளைகட்குச் சொல்லும்போது இதனையும் சேர்த்தே சொல்லல் வேண்டும்.

இனி நம் நிலையைக் காண்போம். தமிழர் குடியேறிய நகரங்களில் எல்லாம் கோயில் எடுத்துள்ளனர். தில்லி இராமகிருஷ்ணபுரத்துக் குன்றின்மீது சுவாமிநாதனுக்கு எழுந்த கோயில் 1973இல் குடமுழுக்குக் கண்டது. மலைமந்திர் என அந்நகரார் அதனை அழைப்பர். கல்லும் சிற்பியும் அருச்சகரும் நெடுந்தொலைவு வருதல் கூடும். பொருள் திரட்டின் கோபுரமும் எழும். ஆனால் பாட்டைப் பொருள் கொடுத்து வருவித்துவிட முடியாது. தமிழ் எழுத்தறியாத பிள்ளை திருப்புகழை வேற்றெழுத்தில் எழுதி மனனம் செய்யலாம், அதுவும் நன்றே. எனினும் சொல்லின் பொருள் விளங்காதபோது, பாடியவர் கண்ட ஊரும் ஆறும் அப்பிள்ளையின் உள்ளத்தில் எழா. அடுத்த தலைமுறையில் அவ்வொலியும் தேய்ந்துவிடும்.

‘அனாதேசம் போனார்’ நாமே ஆவோம். நம் ஊர்க் கோயிலில் நம் இடத்தை வேறொருவர் நிரப்பியிருக்கலாம். நாம் வந்து சேர்ந்த ஊரிலோ நமக்குப் பின் நிற்போரை நாமேதான் ஆக்குதல் வேண்டும். இதற்குப் பன்னிரண்டரைக் கலம் நெல் வேண்டுவதில்லை. வாரத்தில் ஒருநாள் மாலை, விளக்கேற்றியபின் பிள்ளையை அருகிருத்தி ஒரு பதிகத்தையோ பாசுரத்தையோ தமிழெழுத்தில் படிப்பித்து, அடிதோறும் பொருள் சொன்னாற் போதும். தந்தைக்கே பொருளுரைத்தவன் என நாம் போற்றும் சுவாமிநாதனின் திருமுன் நின்று, நம் பிள்ளைகள் தாம் பாடுவதன் பொருளை அறிந்து பாடுவார்களாயின், அவ்விடத்துக்குரிய உரிமையும் தகுதியும் ஒருங்கே அவர்களுடையனவாகும்.