இரண்டாவது இருக்கையில் இருந்தவர் யார்?

பழைய அமெரிக்கக் கார் ரேஸ் படங்களை நீங்களும் எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். கறுப்பு வெள்ளைப் படம். சுருட்டு மாதிரி நீண்ட கார், நாலு சில்லும் மூடாமல் வெளியே நிற்கும். தோல் தொப்பியும் கண்ணாடியும் போட்ட ஒருவர், முகமெல்லாம் ஒயிலும் புழுதியுமாகச் சிரித்துக்கொண்டு இருப்பார். போஸ்டரிலும் ரீசேட்டிலும் இப்பவும் விற்பனையாகிற படங்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையக் களஞ்சியத்தில், பெயின் செய்திப்பட நிறுவனத்தின் பழைய கண்ணாடி நெகட்டிவ்கள் பல்லாயிரக்கணக்கில் கிடக்கின்றன. ரேஸ் படங்களும் அதற்குள் இருக்கின்றன. ஒருநாள் இரவு பொழுதுபோக்காகத்தான் அவற்றைப் பார்க்கத் தொடங்கினோம். கொஞ்ச நேரத்தில் ஒரு விசயம் கண்ணில் பட்டது. பல கார்களில் இரண்டு பேர் இருக்கிறார்கள். படத்தின் கீழே பெரும்பாலும் ஓட்டுநரின் பெயர்தான். மற்றவர் யார்?

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய், இந்தியானாபொலிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

அங்கே 2.5 மைல் சுற்றளவுள்ள ஓடுபாதையை 1909இல் கார்ல் ஃபிஷரும் மூன்று பங்காளிகளும் கட்டினார்கள். முதலில் தாரும் உடைத்த கல்லும் போட்ட பாதை. அந்த ஓகஸ்டில் நடந்த முதலாவது கார்ப் போட்டிகளின்போது பாதை பெயர்ந்து, மூன்று நாட்களுக்குள் ஐந்து பேர் இறந்தார்கள். ஓட்டுநர் ஒருவர், பார்வையாளர்கள் இருவர். மிச்ச இருவரும் மெக்கானிக்குகள். இரண்டாவது இருக்கையில் இருந்தவர்கள் இவர்கள்தான்.

அதற்குப் பிறகு 32 இலட்சம் செங்கல் பதித்துப் பாதையைத் திருத்தினார்கள். 1911 மே 30ஆம் திகதி முதலாவது 500 மைல் போட்டி நடந்தது. மணிக்குச் சராசரி 74.6 மைல் வேகத்தில், ஆறு மணித்தியாலத்துக்கும் மேலாக ஓடி, மஞ்சள் நிற மார்மன் வாஸ்ப் காரில் ரே ஹரூன் வென்றார். அவருடைய கார் மட்டும் ஒற்றை இருக்கைக் கார். பின்னால் வருகிறவர்களைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் ஓடுவது ஆபத்து எண்டு மற்ற ஓட்டுநர்கள் முறைப்பாடு செய்ய, ஹரூன் முன்னால் ஒரு கண்ணாடியைப் பூட்டினார். இன்றைக்கு எல்லாக் கார்களிலும் இருக்கிற பின்பார்வைக் கண்ணாடியின் கதை வழமையாக இங்கேயிருந்துதான் சொல்லப்படுகிறது. அதாவது அந்தக் கண்ணாடி ஒரு மனிதரின் வேலையைச் செய்ய வந்தது.

மற்றக் கார்களில் அந்த வேலையை மனிதர்களே செய்தார்கள். கையால் பம்ப் அடித்து ஒயில் அனுப்ப வேண்டும். ரயர் தேய்கிறதா என்று எட்டிப் பார்க்க வேண்டும். பின்னால் யாராவது முந்த வந்தால் ஓட்டுநரைத் தட்டிச் சொல்ல வேண்டும். கார் புரண்டால் பிடித்துக்கொள்ள ஸ்ரேறிங் கூட அவர்கள் கையில் இல்லை. அதே 1911 போட்டியில் இறந்தவர் சாம் டிக்சன். அவரும் மெக்கானிக்தான். ஹரூனின் மஞ்சள் கார் இன்றைக்கும் நூதனசாலையில் நிற்கிறது. டிக்சனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

1912 முதல் 1922 வரையும், பிறகு 1930 முதல் 1937 வரையும் இந்தப் போட்டியில் மெக்கானிக் ஏறுவது கட்டாயம். ஆகவே காரில் இரண்டு தலை தெரிகிறதா இல்லையா என்பதை வைத்தே ஒரு படத்தின் காலத்தை ஓரளவு ஊகிக்கலாம்.

அந்தக் காலப் படங்களில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. சில படங்களில் சில்லு வட்டமாக இல்லாமல், முன்பக்கம் சாய்ந்த முட்டை மாதிரித் தெரியும். வேகத்தில் சில்லு நெளிந்து போச்சுது எண்டுதான் நாங்களும் முதலில் நினைத்தோம். உண்மையில் அது கமராவின் வேலை. அக்காலப் பத்திரிகைக் கமராக்களில் ஒரு ஒடுங்கிய பிளவுள்ள திரை, பிளேட்டுக்கு முன்னால் நகர்ந்து போகும். சில்லின் அடிப்பக்கம் பதிந்து, மேல்பக்கம் பதிவதற்கிடையில் கார் கொஞ்சம் முன்னுக்குப் போய்விடும். அதனால் படம் சாய்கிறது. கார்ட்டூன்காரர்கள் வேகத்தைக் காட்டச் சாய்ந்த சில்லு வரைவதும் இதே மாதிரித்தான்.

கமரா செய்கிற இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது சுகம். ஆனால் கமராவுக்கு முன்னால் வரவே விடாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

அக்காலத்தில் பெரிய போட்டிகளுக்கு அனுமதி கொடுத்தது அமெரிக்க ஒட்டோமொபைல் சங்கத்தின் போட்டிச் சபை. அது கறுப்பின ஓட்டுநர்களைச் சேர்க்கவில்லை. 1910 ஒக்டோபரில் உலக ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சம்பியன் ஜாக் ஜோன்சன், புகழ்பெற்ற வெள்ளையின ஓட்டுநர் பார்னி ஓல்ட்ஃபீல்டோடு நியூயோர்க்கில் போட்டியிட்டார். ஓல்ட்ஃபீல்ட் வென்றார். வென்றும், அந்தப் போட்டியில் ஓடியதற்காகச் சங்கம் அவரை இடைநிறுத்தியது.

உள்ளே விடாதவர்கள் தங்களுக்கென்று ஒரு போட்டியை உருவாக்கினார்கள். 1924 ஓகஸ்ட் 2ஆம் திகதி, அதே இந்தியானாபொலிஸில், மாநிலக் கண்காட்சி மைதானத்தின் ஒரு மைல் மண் பாதையில் 100 மைல் ஓட்டம். பெயர் ‘கோல்ட் அண்ட் குளோரி’. அந்தப் பெயரைப் பரப்பியவர் ‘சிக்காகோ டிஃபெண்டர்’ என்ற கறுப்பினப் பத்திரிகையின் ஃபிராங்க் யங். அந்த ஆண்டு எப்படிப்பட்ட ஆண்டு? கூ கிளக்ஸ் கிளான் ஆதரவு பெற்ற எட் ஜாக்சன், இந்தியானா மாநில ஆளுநர் தேர்தலில் வென்ற ஆண்டு.

இந்தப் போட்டியை நான்கு தடவை வென்றவர் சார்லி விக்கின்ஸ். சப்பாத்துத் துடைத்துத் தொடங்கி, கராஜில் வேலை பழகி, பழைய இரும்புக் கடைப் பாகங்களைப் பொருத்தித் தன் காரைத் தானே கட்டியவர். 1934இல் 500 மைல் போட்டியை வென்ற பில் கமிங்ஸின் காரில் விக்கின்ஸின் கைவேலையும் இருந்தது என்றும், உள்ளே எடுப்பதற்காக அவரைத் துப்புரவுத் தொழிலாளி எண்டு காட்டினார்கள் என்றும் சொல்லப்படுகிறது. 1936இல் பதின்மூன்று கார்கள் மோதிய விபத்தில் விக்கின்ஸ் ஒரு காலை இழந்தார். ‘கோல்ட் அண்ட் குளோரி’யும் அதோடு முடிந்தது.

பெண்களின் கதையும் தூரமில்லை. 1929இல் வென்ற காரின் சொந்தக்காரர் மோட் யாகில் என்ற பெண். பதிவில் ‘எம். ஏ. யாகில்’ என்றுதான் இருந்தது. பெண் என்பதால் தன் கார் நின்ற கராஜ் பகுதிக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை. அந்தத் தடை நீங்க 1971 ஆனது. 1977இல் ஜனெட் கத்ரி அங்கே ஓடிய முதல் பெண் ஆனார். முதல் கறுப்பின ஓட்டுநராக வில்லி ரீ. ரிப்ஸ் தகுதி பெற்றது 1991இல். முதலாவது போட்டி நடந்து 80 வருசத்துக்குப் பிறகு.

இந்தப் படங்கள் அழகில்லை எண்டு நாங்கள் சொல்ல வரேல்லை. எங்களில் ஒருவரின் ஃபோன் திரையில் இப்பவும் மார்மன் வாஸ்ப்தான் இருக்கிறது. ஆனால் வரலாறு படிக்கிற எங்களுக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. பழைய படம் ஒன்று கிடைத்தால், முதலில் கீழே எழுதியிருக்கிற பெயரைப் பார்க்கிறோம். பிறகு பெயர் எழுதாத ஆளைத் தேடுகிறோம். அதற்குப் பிறகுதான் கஷ்டமான வேலை: அந்த நாள் அந்த ஊரில் இருந்தும், அந்தச் சட்டகத்துக்குள் வர முடியாமல் போனவர் யார் எண்டு கேட்பது.