யார் சார்பில்?

1937இல் கார்ல் ஹான்ஸ்பெரி என்ற கறுப்பினத்தவர் சிகாகோவில் வெள்ளையர் பகுதியொன்றில் வீடு வாங்கினார். கறுப்பர்களுக்கு வீடு விற்பதில்லை என்று அப்பகுதி உரிமையாளர்களிடையே ஓர் ஒப்பந்தம் இருந்தது. தெருமுகப்பு நிலத்தில் 95 விழுக்காட்டின் உரிமையாளர்கள் கையெழுத்திட்டால்தான் அது செல்லும். உண்மையில் கிடைத்தவை சுமார் 54 விழுக்காட்டின் கையெழுத்துகளே. ஆனால் முந்தைய வழக்கொன்றை எல்லா உரிமையாளர்கள் சார்பிலும் ஒருவர் நடத்தியபோது, 95 நிறைவேறியதாக இரு தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டன. அந்தத் தீர்ப்பு ஹான்ஸ்பெரியையும் கட்டுப்படுத்தும் என்றது இலினாய் உச்ச நீதிமன்றம்.

ஒரே குறை உள்ள பலருக்காகச் சிலர் வழக்காடுவது பழைய நீதிமுறை. ஆளுக்கொரு வழக்கு வேண்டாம். தீர்ப்பு எல்லோருக்கும் பொது. ஆனால் ஒப்பந்தத்தைக் காப்பவர், அதை எதிர்ப்பவருக்கும் பிரதிநிதியாக முடியுமா? முடியாது என்று 1940 நவம்பரில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நலன்கள் முரண்படும் இடத்தில், வழக்கில் இல்லாதவரை அத்தீர்ப்பு கட்டாது.

வீடு தப்பியது. ஒப்பந்தத்தின் இனவெறியை நீதிமன்றம் தொடவில்லை. அத்தகைய ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது என்ற தீர்ப்பு 1948இல்தான் வந்தது. ஹான்ஸ்பெரி 1946இலேயே இறந்துபோயிருந்தார். அந்த வீட்டுக்கு வந்தபோது சிறுமியாக இருந்த மகள் லொரெய்ன், 1959இல் தம் நாடகத்தை பிராட்வே மேடையேற்றினார். வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கும் கறுப்பினக் குடும்பத்தின் கதை அது. இம்முறை அவர்களுக்காகப் பேசியவர் அவர்களில் ஒருவர்.