மேலே ஏற முடியாத ரயில்வண்டி



கொரியக் கால்பந்து என்றதும் நம் எல்லோருக்கும் 2002 உலகக் கோப்பை ஞாபகம் வரும். கொஞ்சம் அதிகம் பார்ப்பவர்களுக்கு சன் ஹியூங்-மின் ஞாபகம் வருவார். இந்தப் பதிவு அந்த இரண்டைப் பற்றியும் இல்லை. ரயில் ஓட்டும் ஒரு அரசு நிறுவனம் வைத்திருக்கும் கால்பந்து அணியைப் பற்றி. அணியின் பெயர் தேஜியோன் கொரெயில். கொரெயில் என்பது கொரிய ரயில்வே கழகம். முழுக்க முழுக்க அரசுக்குச் சொந்தமானது.

இந்த அணி தொடங்கியது 1943-இல். அப்போது கொரியா ஜப்பானின் பிடியில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வேறு நடந்துகொண்டிருந்தது. ரயில்வே ஊழியர்களின் அணியாகப் பிறந்தது, அதற்குப் பிறகு விடுதலை, நாட்டுப் பிரிவினை, கொரியப் போர், ராணுவ ஆட்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டது. கொரியாவின் மிகப் பழைய அணிகளில் இதுவும் ஒன்று. ஆனாலும் கொரியாவுக்கு வெளியே இதன் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் எத்தனை பேர்?

இது ஏன் என்று புரிய வேண்டுமானால் கொரியர்கள் "சிரொப்" என்று சொல்லும் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிரொப் என்றால் தொழில், வணிகம். சிரொப் கால்பந்து என்றால் கம்பெனிக் கால்பந்து. (இதே சொல்லுக்கு, அதே எழுத்தில், அதே உச்சரிப்பில் "வேலையின்மை" என்றும் ஒரு பொருள் உண்டு. சீன எழுத்தில் எழுதினால்தான் வித்தியாசம் தெரியும். யார் செய்த குறும்போ!) ஒரு வங்கியோ மின்சாரக் கம்பெனியோ ரயில்வேயோ ஆட்டக்காரர்களைத் தன் சம்பளப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அவர்கள் கம்பெனி பெயரில் ஆடுவார்கள். நம்மூரில் ஸ்போர்ட்ஸ் கோட்டா என்று சொல்வோமே, ஏறக்குறைய அந்த மாதிரி.

1983 வரை கொரியாவில் உயர்ந்த கால்பந்து என்றாலே இதுதான். ஜெர்மனியில் போய்ப் பெரிய பெயர் வாங்கிய சா பும்-குன் கூட அதற்கு முன் வங்கி அணியிலும் விமானப்படை அணியிலும் ஆடியவர்தான். 1983-இல் சூப்பர் லீக் என்ற பெயரில் தொழில்முறைப் போட்டி தொடங்கியது. ஐந்து அணிகள். அதில் இரண்டு மட்டும்தான் உண்மையான தொழில்முறை அணிகள். மீதி மூன்றும் கம்பெனி அணிகள். அந்த மூன்றில் ஒன்றான கூக்மின் வங்கி இரண்டே வருடத்தில் விலகிக்கொண்டது. இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் தொழில்முறை லீகுக்குப் போய்விட்டார்கள். கம்பெனி அணிகள் இரண்டாம் மட்டத்துக்கு இறங்கின. 2003-இல் அவற்றுக்கென்று கே2 லீக் என ஒன்று தொடங்கி, 2006-இல் நேஷனல் லீக் என்று பெயர் மாற்றினார்கள். கொரெயில் அப்போது இஞ்சியோனில் இருந்தது. அது பொருத்தமான ஊர்தான்; 1899-இல் கொரியாவின் முதல் ரயில் பாதையே இஞ்சியோனிலிருந்து சியோல் பக்கமாகப் போட்டதுதான். 2005 ஜனவரி 1-ஆம் தேதி, அதுவரை அரசுத் துறையாக இருந்த ரயில்வே கொரெயில் என்ற கழகமாக மாறியது. அதே வருடம் அணி லீகை வென்றது. 2012-இல் மறுபடியும் வென்றது. 2014-இல் தலைமையகம் இருக்கும் தேஜியோனுக்கு அணியும் குடிபெயர்ந்தது.

இனிமேல்தான் எனக்குப் பிடித்த பகுதி.

2006 நேஷனல் லீகை வெல்லும் அணிக்கு மேல் லீகான கே லீகில் இடம் என்று அறிவித்திருந்தார்கள். கீழேயிருந்து மேலே ஏறும் கதவு கொரியாவில் முதல்முறையாகத் திறக்கப்போகிறது! வென்றது யார்? கூக்மின் வங்கி. அவர்கள் சொன்ன பதில்: "வரவில்லை." லாப நோக்கத்தோடு வேறு தொழில் நடத்த வங்கிச் சட்டம் இடம் தராது என்றார்கள். அடுத்த பருவத்தில் தண்டனையாகப் புள்ளிகளைக் குறைத்தார்கள். 2007-இல் வென்றது உல்சான் ஹியூண்டாய் மிப்போ, கப்பல் கட்டும் கம்பெனியின் அணி. அவர்களும் வரவில்லை என்றார்கள். அதே ஊரில் அதே ஹியூண்டாய் பெயரில் ஏற்கெனவே ஒரு பெரிய அணி இருக்கும்போது எதற்கு இன்னொன்று? அத்துடன் அந்தக் கதவு மூடிவிட்டது.

கொரியப் பத்திரிகைகள் வங்கியைத் திட்டித் தீர்த்தன. எனக்கு வங்கி மேல் அவ்வளவு கோபம் வரவில்லை. கம்பெனிக்கு அணி என்பது ஊழியர் நலன், விளம்பரம், கொஞ்சம் கௌரவம். டிக்கெட் விற்றுப் பிழைக்கும் தொழில் இல்லை. கோபம் வர வேண்டியது ஆட்டக்காரர்களை நினைத்துத்தான். ஒரு வருடம் முழுக்க ஓடி ஓடி வென்று, பரிசை வாங்க வேண்டாம் என்று மேலதிகாரி சொன்னால் எப்படி இருக்கும்? தனி ஆளாக ஏறலாம். மிப்போவில் கோல் மழை பொழிந்த கிம் யங்-ஹூ, 2009-இல் கங்வோன் அணிக்குப் போய் கே லீகின் சிறந்த புதுமுக விருதை வாங்கினார். ஆனால் அணியால் ஏற முடியாது.

நகராட்சி அணிகளுக்கு இந்தக் கட்டு இல்லை. சுவோன் நகராட்சி அணி 2013-இல் தொழில்முறை ஆகி, 2016-இல் முதல் பிரிவிலேயே ஆடியது. கூக்மின் வங்கி 2012-இல் அணியைக் கலைத்தது. அதன் பயிற்சியாளரும் ஆட்டக்காரர்கள் பலரும் அன்யாங் நகரத்தில் புதிதாகத் தொடங்கிய அணிக்குப் போனார்கள். அந்த அன்யாங் 2024-இல் இரண்டாம் பிரிவை வென்று முதல் பிரிவுக்கு ஏறியது. வேண்டாம் என்று சொல்லி 18 வருடம் கழித்து! மிப்போ 2016-இல் லீகை வென்ற கையோடு கலைக்கப்பட்டது.

பொதுத்துறை அணிகள் மட்டும் கலையவில்லை. அணுமின் நிலையங்களை நடத்தும் கம்பெனியின் கியோங்ஜு அணி, பூசான் மெட்ரோ நடத்தும் கழகத்தின் அணி, பிறகு நம் ரயில்வே.

2019-க்கு வருவோம். தொழில்முறை, அரைத் தொழில்முறை, அமெச்சூர் எல்லா அணிகளும் கலந்துகொள்ளும் எஃப்.ஏ. கோப்பை. அந்த வருடம் கே லீகில் கடைசி நாள் வரை பட்டத்துக்குப் போராடிய உல்சான் ஹியூண்டாயை கொரெயில் 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியது. பிறகு சியோல் இ-லேண்ட். பிறகு கங்வோன். அரையிறுதியில் ராணுவ அணியான சங்ஜு சங்மு; கட்டாய ராணுவ சேவைக்கு வந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் நிறைந்த அணி அது. அதையும் தாண்டி ரயில்வேக்காரர்கள் இறுதிக்கு வந்துவிட்டார்கள்!

பயிற்சியாளர் கிம் சுங்-ஹி. 1990-இல் இதே அணியில் ஆட்டக்காரராகச் சேர்ந்தவர், அதன்பின் வேறெங்கும் போகவில்லை. கிட்டத்தட்ட 30 வருடம் ஒரே அணி. வென்றால் கிடைப்பது கோப்பை. அந்தக் கோப்பையை வெல்பவர்களுக்கு அப்போது ஆசிய சாம்பியன்ஸ் லீகில் இடம் வேறு இருந்தது. எதிரே சுவோன் சாம்சங்.

இறுதி இரண்டு ஆட்டங்கள். நவம்பர் 6, தேஜியோன் ஹன்பத் மைதானம்: 0-0. நான்கு நாள் கழித்து சுவோனில் இரண்டாம் ஆட்டம். இடைவேளையில் 1-0 தான். ஒரே ஒரு கோல் போட்டால் சமம். இரண்டாம் பாதியில் கால்கள் சோர்ந்தன. 4-0. கோ சுங்-பும் இரண்டு, கிம் மின்-வூ ஒன்று, கடைசியாக யோம் கி-ஹுன் ஒன்று. சுவோனுக்கு அது ஐந்தாவது கோப்பை.

அந்த வருடத்தோடு நேஷனல் லீக் முடிந்தது. 2020-இல் கொரெயில் புதிய கே3 லீகில், அதாவது மூன்றாம் மட்டத்தில் சேர்ந்தது.

கிம் சுங்-ஹி? 2025 ஏப்ரலில் கொரியக் கால்பந்துச் சங்கம் அவரை நிர்வாக இயக்குநராக்கியது. தேசிய அணியில் ஆடிப் புகழ் பெற்றவர்கள் அத்தனை பேர் இருக்க, மூன்றாம் மட்டத்து ரயில்வே அணியில் 35 வருடம் இருந்தவரைக் கூப்பிட்டார்கள். அவர் ரயிலை விட்டு இறங்கினது அப்போதுதான்.