நிறம் சொல்லாத சட்டம்

1934ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் துறைமுகத்தில், 'ஸ்ட்ராத்தேர்டு' என்னும் கப்பலின் தளத்திலிருந்து ஒரு மனிதர் கரைமீது குதித்தார். கால் எலும்பு முறிந்தது. காவலர் ஓடி வந்தனர். வந்தவர்கள் அவரை மருத்துவமனைக்கா கொண்டு சென்றனர்? இல்லை. வந்த கப்பலிலேயே மீண்டும் ஏற்றிவிட்டனர்!

கள்வரோ? கொலைகாரரோ? இரண்டும் அல்லர். ஏகோன் எர்வின் கிஷ் என்பது அவர் பெயர். பிராகு நகரிலே பிறந்த எழுத்தாளர். இட்லர் ஆட்சிக்கு வந்ததும் சிறையில் தள்ளப்பட்டு, பின் ஜெர்மனியை விட்டே துரத்தப்பட்டவர். போரையும் பாசிசத்தையும் எதிர்த்துக் கூட்டப்பட்ட மாநாட்டிலே பேச அழைக்கப்பட்டு வந்தவர். அந்தப் பேச்சுக்குத்தான் அஞ்சியது ஆஸ்திரேலிய அரசு. இறங்கவிடோம் என்றது. சிட்னியிலே நீதிமன்றம் குறுக்கிட்டு அவரை விடுவித்தது. விட்டார்கள், விட்ட சூட்டோடு பிடித்தார்கள். காவல் நிலையத்தில் உட்காரவைத்து, சொல்வதைக் கேட்டு எழுதும் தேர்வு ஒன்று வைத்தார்கள்.

எந்த மொழியில்? அங்கேதான் இருக்கிறது சூட்சுமம். கிஷ் ஐரோப்பிய மொழிகள் பல அறிந்தவர். ஆங்கிலமோ பிரெஞ்சோ தேர்ந்தெடுத்தால் தேறிவிடக்கூடும். ஆகவே, ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியிலும் தீவுகளிலும் சிலரே பேசிவந்த கேலிக் மொழியைத் தேடிப் பிடித்தார்கள். கிஷ் தேறவில்லை. தேறாதவர் 'தடை செய்யப்பட்ட குடியேறி' ஆனார். ஆறு திங்கள் சிறை என்றும் தீர்ப்பாயிற்று. வழக்கு நாட்டின் தலைமை நீதிமன்றம் சென்றது. சட்டம் குறிப்பிடும் 'ஐரோப்பிய மொழி' என்னும் சொல்லுக்குள் ஸ்காட்லாந்துக் கேலிக் அடங்காது என்று அந்த ஆண்டு டிசம்பரில் நீதிபதிகளில் பெரும்பாலோர் கூறினர். கிஷ் தப்பினார், ஊர் ஊராகச் சென்று, வந்த வேலையைப் பேசியும் முடித்தார்.

நகைக்கத் தோன்றுகிறது அல்லவா? நாமும் நகைத்தோம், இந்தத் தேர்வு யாருக்காக முதலில் வகுக்கப்பட்டது என்பதைத் தேடிப் பார்க்கும்வரையில். அது நம்மவருக்காக வகுக்கப்பட்டது. வகுக்கப்பட்ட இடம் ஆஸ்திரேலியாவும் அன்று, தென்னாப்பிரிக்காவின் நேட்டால்.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பன் துறையை அடைந்தது. சென்னையிலிருந்து 342 பேரைச் சுமந்து வந்த கப்பல் அது. கரும்புத் தோட்டங்களிலே முதுகொடிய உழைப்பதற்காக அழைத்துவரப்பட்ட ஒப்பந்தக் கூலிகள். அன்று எந்த வெள்ளை அதிகாரியும் அவர்களை நிறுத்தி, உனக்கு எந்த மொழி எழுதத் தெரியும் என்று கேட்கவில்லை. கரும்பு வெட்டும் கைக்கு எழுத்து எதற்கு? ஒப்பந்தக் காலம் முடிந்தபின் பலர் அங்கேயே தங்கினர். காய்கறி பயிரிட்டனர், சிறுகடை வைத்தனர். குஜராத்திலிருந்து வணிகரும் தம் சொந்தச் செலவிலே வந்து சேர்ந்தனர். கூலியாக வந்தவன் குனிந்து நின்றவரையில் வராத கோபம், அவன் கடை வைத்து நிமிர்ந்தபோது வெள்ளையருக்கு வந்தது.

1896 டிசம்பரில் 'கூர்லாந்து', 'நாதேரி' என்னும் இரு கப்பல்கள் பம்பாயிலிருந்து பயணிகளோடு டர்பனை அடைந்தன. பம்பாயிலே பிளேக் நோய் பரவியிருந்த நேரம். அதைக் காரணம் காட்டி மூன்று வாரங்களுக்கு மேலாகக் கப்பல்களைக் கடலிலேயே நிறுத்தினர். நோய்க்கு அஞ்சித் தடுப்பது அறிவுடைமை. அதை நாம் குறை கூறோம். ஆனால், கரையிலே கூடிய கூட்டம் நோயைப் பற்றியா கூச்சலிட்டது? இந்தியரைத் திருப்பி அனுப்பு என்றே கூச்சலிட்டது. 1897 ஜனவரி 13ஆம் நாள் இறங்கிய காந்தியார் தெருவிலே தாக்கப்பட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் செல்ல மனம் வரவில்லை. இதே காந்தியார் 1888இல் இலண்டனுக்குப் படிக்கப் புறப்பட்டபோது, பம்பாயிலே அவருடைய மோத் பனியா சாதியார் கூட்டம் போட்டு, கடல் கடப்பது மதத்திற்கு ஆகாது என்று கூறி அவரைச் சாதியை விட்டே தள்ளினர். அவருக்கு உதவுவோருக்கும், துறைமுகம்வரை சென்று வழியனுப்புவோருக்கும் ஒரு ரூபாய் நான்கணா தண்டம் என்றும் விதித்தனர். அக்கரையிலே நிறம் நின்று நுழையாதே என்றது. இக்கரையிலே சாதி நின்று போகாதே என்றது.

நேட்டாலுக்குத் திரும்புவோம். அதே 1897இல் அங்கே குடியேற்றத் தடைச் சட்டம் ஒன்று பிறந்தது. ஐரோப்பிய மொழி ஒன்றின் எழுத்திலே விண்ணப்பம் எழுதத் தெரியாதவன் உள்ளே வரலாகாது என்பது அதன் உயிர்நிலை. சட்டத்தின் வாசகத்தைத் தேடிப் பாருங்கள். இந்தியன் என்ற சொல் இராது. நிறம் என்ற சொல் இராது. மொழி, எழுத்து, விண்ணப்பம் — எவ்வளவு தூய சொற்கள்! இரண்டாயிரம் ஆண்டு இலக்கியம் கண்ட தமிழிலே கரை கண்ட புலவன் ஒருவன் அந்தத் துறைமுகத்திலே இறங்கியிருந்தால், அவன் எழுத்தறிவற்றவன்! அதே வேளையில், தோட்டத்துக்கு வேண்டிய ஒப்பந்தக் கூலிகளின் வரவு 1911வரை நின்றபாடில்லை. எழுதத் தெரியாத முதுகு வரலாம், தமிழ் எழுதத் தெரிந்த கை வரலாகாது!

இதை மெச்சியவர் யார் தெரியுமா? பிரிட்டிஷ் பேரரசின் குடியேற்ற நாட்டு அமைச்சர் ஜோசப் சேம்பர்லின். விக்டோரியா அரசியாரின் அறுபதாண்டு விழாவுக்காக 1897இல் இலண்டனிலே கூடிய குடியேற்ற நாட்டு முதலமைச்சர்களுக்கு நேட்டால் வழியை எடுத்துக் காட்டினார் அவர். விலக்க வேண்டியவரை விலக்குங்கள், இனத்தையும் நிறத்தையும் சட்டத்திலே பெயர் சொல்லிக் குறிக்காதீர்கள் என்பது அந்த அறிவுரையின் சாரம். கோடிக்கணக்கான இந்தியரும் அரசியாரின் குடிகள் அல்லவா? குடிமக்களை நிறம் சொல்லி விரட்டினால் பேரரசின் பெருமை என்னாவது! ஆகவே விரட்டு, ஆனால் காரணத்தை மாற்றிச் சொல்.

ஆஸ்திரேலியா 1901இல் அந்த வழியை எடுத்துக்கொண்டு இன்னும் கூராக்கியது. அதிகாரி தேர்ந்தெடுக்கும் ஐரோப்பிய மொழி ஒன்றிலே ஐம்பது சொற்களை அவர் படிப்பார். வந்தவன் கேட்டு எழுதவேண்டும். ஐரோப்பிய மொழி என்று சொல்வது எங்களை இழிவுபடுத்துவதாகும் என்று ஜப்பான் சீறியது. ஜப்பானிடம் கப்பற்படை இருந்தது. எனவே 1905இல் 'விதிக்கப்பட்ட எந்த மொழியும்' என்று சொல்லை மாற்றினர். சொல் மாறிற்று, சூது மாறவில்லை. 1909க்குப் பிறகு அந்தத் தேர்விலே ஒருவர்கூடத் தேறவில்லை. தேறாதிருக்கச் செய்வதற்காகவே வைத்த தேர்விலே தேறுவது எங்ஙனம்? 1958இல்தான் அதைக் கைவிட்டனர். நிறத்தைத் தடுக்கச் செய்த கருவி, வெள்ளையரான கிஷ்ஷின் கருத்தைத் தடுக்கவும் பயன்பட்டது என்பதை இளைஞர்கள் குறித்துக்கொள்ளட்டும்.

கனடா மொழியைத் தொடவில்லை, வழியைத் தொட்டது. பிறந்த நாட்டிலிருந்தோ குடியுரிமை பெற்ற நாட்டிலிருந்தோ, இடையிலே எங்கும் முறியாத ஒரே பயணமாக, புறப்படுமுன்பே வாங்கிய சீட்டோடு வரவேண்டும் என்று 1908இல் ஆணையிட்டது. கேட்பதற்கு எவ்வளவு எளிய விதி! ஆனால், அப்படி ஒரு பயணச்சீட்டு இந்தியாவிலே கிடைத்தால்தானே! விற்று வந்த கப்பல் நிறுவனத்தை விற்காதே என்று அரசே தடுத்துவிட்டது. போதாதென்று, ஆசியர் கையிலே 200 டாலர் காட்டவேண்டும் என்றும் விதித்தது. 1913 நவம்பரில் நீதிமன்றம் ஒன்று அந்த ஆணைகள் செல்லாவென்று கூறியது. நீதிமன்றம் காட்டிய ஓட்டைகளை 1914 ஜனவரியிலே அரசு அடைத்துக்கொண்டது.

இந்த விதியைச் சோதித்துப் பார்க்கவே புறப்பட்டது 'கோமகதா மாரு'. குர்தித் சிங் என்பார் வாடகைக்கு அமர்த்திய ஜப்பானியக் கப்பல். 1914 ஏப்ரல் 4ஆம் நாள் ஆங்காங்கிலிருந்து கிளம்பி, ஷாங்காயிலும் ஜப்பானிலும் ஆளேற்றி, 376 பேருடன் மே 23இல் வான்கூவர் சேர்ந்தது. பெரும்பாலோர் சீக்கியர், இசுலாமியரும் இந்துக்களும் சிலர். அனைவரும் பிரிட்டிஷ் மன்னரின் குடிகள். அவருள் பலர் அந்த மன்னருக்காகத் துப்பாக்கி தூக்கிய முன்னாள் போர்வீரர்! முன்பே அந்த நாட்டிலே வாழ்ந்திருந்த இருபது பேர் அளவிலே இறங்க விடப்பட்டனர். மற்றவர்கள் கரையைக் கண்ணாலே கண்டபடி இரண்டு திங்கள் கடலிலே கிடந்தனர். சோறு குறைந்தது, நீர் குறைந்தது. ஜூலையில் ஒரு நாள் இரவு, காவலரை ஏற்றிக்கொண்டு கப்பலைக் கைப்பற்ற வந்த படகின்மீது, கையிலே வேறு படையில்லாத அந்த மக்கள் நிலக்கரிக் கட்டிகளை வீசி விரட்டினர். பின்னர்ப் போர்க்கப்பலே வந்து நின்றது. ஜூலை 23இல் 'கோமகதா மாரு' திரும்பியது. தாயகம் வரவேற்றதா? செப்டம்பர் 29ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகே பட்ஜ் பட்ஜ் என்னுமிடத்தில் துப்பாக்கி வரவேற்றது. பயணிகள் பலர் மாண்டனர். கனடாவின் தலைமை அமைச்சர் தம் நாடாளுமன்றத்திலே மன்னிப்புக் கேட்டது 2016 மே 18ஆம் நாள். நூற்றிரண்டு ஆண்டு கழித்து!

அந்தக் கப்பல் திரும்பிய சில நாட்களில் ஐரோப்பாவிலே போர் மூண்டது. அதுவரையில் ருசியா, துருக்கி போன்ற சில நாடுகள் நீங்கலாக, ஐரோப்பாவிலே ஒரு நாட்டிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லப் பெரும்பாலும் கடவுச்சீட்டே கேட்கப்படவில்லை. போர்க்காலத்திலே ஒற்றரைப் பிடிக்க என்று கடவுச்சீட்டும், அதிலே ஒட்டும் நிழற்படமும், விசா என்னும் நுழைவிசைவும் கட்டாயமாயின. போர் முடிந்தது, கட்டாயம் முடியவில்லை. 1920 அக்டோபரில் நாட்டுக் கழகத்தின் சார்பிலே பாரிசு நகரில் கூடிய மாநாடு, போருக்கு முந்திய தடையற்ற நிலை ஒருநாள் மீளும் என்று நம்பிக்கை தெரிவித்தது. தெரிவித்துவிட்டு, அதுவரைக்கும் இருக்கட்டும் என்று 32 பக்கத்தில் ஒரே மாதிரியான கடவுச்சீட்டுக்கு இலக்கணம் வகுத்தது. 'அதுவரைக்கும்' இன்னும் முடியவில்லை. இந்தியாவுக்குள் நுழையக் கடவுச்சீட்டு வேண்டும் என்னும் சட்டமும் அதே 1920இல் வந்ததுதான்.

1948இல் உலக மனித உரிமைப் பிரகடனம் வந்தது. அதன் 13ஆம் பிரிவு, எந்த நாட்டையும் விட்டு வெளியேறவும் தன் நாட்டுக்குத் திரும்பி வரவும் ஒவ்வொருவருக்கும் உரிமை உண்டு என்கிறது. நுழையும் உரிமை? அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. வீட்டை விட்டுப் புறப்பட உரிமை உண்டு. எந்த வீட்டிலும் கதவு திறக்கக் கடமை இல்லை! இந்திய உச்சநீதிமன்றம் 1967 ஏப்ரலில், வெளிநாடு செல்வது தனிமனித உரிமையுள் அடங்கும், கடவுச்சீட்டு தருவதும் மறுப்பதும் அதிகாரியின் விருப்பம் அன்று என்று தீர்ப்பளித்தது. நல்ல தீர்ப்பு. அதன் விளைவாகவே அந்த ஆண்டே கடவுச்சீட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பு நம் துறைமுகம்வரைதான் துணை வரும்.

அதற்கப்பால்? ஊர் பார்க்கப் போகிறவனின் நிலையைப் பாருங்கள். அமெரிக்காவின் 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி, விசா கேட்கும் ஒவ்வொருவனும், அன்று என்று அதிகாரி மனநிறைவு கொள்ளுமளவு மெய்ப்பிக்கும்வரையில், அங்கே நிலையாகத் தங்க வந்தவன் என்றே கொள்ளப்படுவான். கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைக்கூடக் குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை நிரபராதி என்கிறது சட்டம். சுற்றுலாப் பயணிக்கு அந்தச் சலுகை இல்லை. ஐரோப்பாவிலே லக்சம்பர்க் நாட்டுச் செங்கன் என்னும் சிற்றூரில், மோசல் ஆற்றிலே நின்ற படகொன்றில், 1985 ஜூன் 14ஆம் நாள் ஐந்து நாடுகள் உடன்படிக்கை செய்து, 1995இல் தமக்குள் எல்லைச் சோதனையை நீக்கின. உள்ளே சுவர் இடிந்தது, வெளிச்சுவர் உயர்ந்தது. தஞ்சையிலிருந்து பாரிசைக் காணச் செல்ல விரும்பும் ஆசிரியர், வங்கிக் கணக்கும் சம்பளச் சான்றும் தங்குமிடச் சீட்டும் 30,000 யூரோ அளவுக்கு மருத்துவக் காப்பீடும் திரட்டி, 2024 ஜூன் முதல் 90 யூரோ கட்டணமும் கட்டவேண்டும். மறுத்துவிட்டால் கட்டணம் திரும்பாது. அவருடைய சிறிய தகப்பனார் மகன் சிங்கப்பூர்க் குடிமகனாயிருந்தால், விசா இன்றியே விமானம் ஏறுவார். ஒரே பாட்டனின் பேரர்கள். ஒரே நிறம், ஒரே மொழி. கையிலுள்ள அட்டைதான் வேறு. நிறத்தைக் கேட்டது அக்காலம் என்றால், பிறந்த நாட்டையும் பணப்பையையும் கேட்பது இக்காலம். தாயின் வயிறு எந்த எல்லைக்குள் இருந்தது என்பதை வைத்து மனிதனுக்கு மதிப்பெண் போடுவதை வேறொரு பெயரால் நாம் நன்றாகவே அறிவோம்.

ஆளுக்கு ஆள் ஆராய்வதை நாம் எதிர்க்கவில்லை. கையில் குண்டு வைத்திருப்பவனைத் தடு, நோயுற்றவனுக்கு மருந்து கொடு. பிறப்பை எதற்குக் கேட்கிறாய் என்பதுதான் கேள்வி. நம் நாடும் பிற நாட்டாரிடம் விசா கேட்கிறது. 2014 இறுதியிலிருந்து பல நாட்டவர்க்கு மின்வழியிலே எளிதாக்கியும் இருக்கிறது. அதைப் பாராட்டுவோம்.

ஆனால் பிறரை ஏசி முடித்தபின் நம் வீட்டையும் ஒருமுறை பார்க்கவேண்டும். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ், பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்களின் கடவுச்சீட்டிலே, சில நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல அரசின் அனுமதி வேண்டும் என்னும் குறிப்பு இடப்பட்டது. தரகரிடமிருந்து ஏழைத் தொழிலாளியைக் காக்கவென்று சொன்னார்கள், நோக்கம் நல்லதே. 2018 ஜனவரியில் டில்லி அரசு ஒரு படி மேலே சென்று, அத்தகையோர்க்கு மட்டும் ஆரஞ்சு நிறத்திலே தனிக் கடவுச்சீட்டு என்று அறிவித்தது. நீலம் படித்தவனுக்கு, ஆரஞ்சு படியாதவனுக்கு! விமான நிலையத்தின் வரிசையிலே தூர நின்று பார்த்தாலே யார் எவர் என்று தெரிந்துவிடும். நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. வளைகுடா நாடுகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிய வீடுகளிலிருந்தும் எழுந்தது. அந்தத் திங்கள் 30ஆம் நாள் திட்டத்தைக் கைவிடுவதாகச் சொன்னார்கள். அட்டை நீலமாகவே நீடித்தது. உள்ளே இட்ட குறிப்பு மட்டும் இருந்தபடியே இருந்தது.