ஆள் குறைந்த இடத்தில் ஆட்டம் பழகியவர்கள்



முகாம் என்றால் எங்கள் குடும்பங்களுக்கு ஒரு நினைவு வரும். தோஹா தொழில்பேட்டையில் 'கேம்ப்' என்றால் தொழிலாளர் தங்குமிடம். அங்கே வெள்ளிக்கிழமைகளில் ஒரு பிளேஸ்டேஷனைச் சுற்றி நாலைந்து இளைஞர்கள் 'டெக்கன்' சண்டை விளையாட்டு ஆடுவார்கள். எப்போதும் அதே நாலு பேர். "ஒரே ஆட்களோடு ஆடினால் எப்படி அங்கிள் முன்னேறுவது?" என்று ஒரு தம்பி கேட்டான். ஊர்ஊராகச் சிதறிய எங்கள் பிள்ளைகளுக்கும் இதே கேள்விதான்.

பதிலுக்கு முதலில் சென்னைக்குப் போவோம். சதுரங்கமும் எதிராளி இல்லாமல் வளராத விளையாட்டு. 1935 இல் பர்மாவில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த மானுவேல் ஆரோன், 1961 இல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டர் ஆனார். 1959 முதல் 1981 வரை ஒன்பது தடவை தேசிய சம்பியன். அவருக்கு ஈடுகொடுக்க உள்நாட்டில் ஆட்கள் குறைவு. 1962 இல் ஸ்டொக்ஹோம் போட்டியில் போர்ட்டிஷ், ஊல்மான் என்ற இரு கிராண்ட்மாஸ்டர்களை வென்றார். ஆனாலும் பட்டியலில் கடைசி இடமே கிடைத்தது. திறமை இருந்தது, பலசாலிகளோடு அன்றாடம் மோதும் வாய்ப்பு இருக்கவில்லை என்றுதான் நான் அதைப் படிக்கிறேன்.

அந்தக் குறையைத் தீர்க்க 1972 இல் மெட்ராஸ் சோவியத் கலாசார நிலையத்தில் மிகையில் தால் பெயரில் ஒரு சதுரங்கக் கழகம் உருவானது. சிறுவன் விஸ்வநாதன் ஆனந்த் பழகிய இடம் அது. விரைவு ஆட்டத்தில் வென்றவர் மேசையில் இருப்பார், தோற்றவர் எழுந்து வரிசையில் நிற்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு விலை இருந்தது.

இடையில் தந்தையின் வேலை காரணமாக ஆனந்தின் குடும்பம் சில காலம் மணிலாவில் இருந்தது. மகன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரத்தில் தொலைக்காட்சியில் சதுரங்க நிகழ்ச்சி போகும். தாய் சுசீலா அதன் புதிர்களை எழுதி வைப்பார். மாலையில் இருவரும் சேர்ந்து தீர்ப்பார்கள். புது ஊரில் அம்மாதான் கூட்டாளி. 1988 இல் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2023 ஒக்டோபரில் தஞ்சாவூர் கார்த்திகேயன் முரளி, கறுப்புக் காய்களோடு மக்னஸ் கார்ல்சனை வென்றது இதே கத்தாரில், லுசைலில்.

சதுரங்கத்தைப் புத்தகம் வைத்துத் தனியாகவும் படிக்கலாம், சண்டை விளையாட்டை அப்படி முடியுமா என்று கேட்பீர்கள். லாகூர் இளைஞர் அர்ஸ்லான் ஆஷைப் பாருங்கள். டெக்கனில் கொரியாவும் ஜப்பானும் கோலோச்சிய காலத்தில், 2019 பெப்ரவரியில் ஃபுகுவோகாவில் நடந்த எவோ ஜப்பான் போட்டியை வென்றார். ஓகஸ்டில் லாஸ் வேகாஸ் எவோ இறுதியில் கொரியாவின் 'நீ' என்ற பெரும் ஆட்டக்காரரையும் வீழ்த்தினார். என்னைவிட வல்லவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள் என்றும் சொன்னார். உலகம் அறியாத ஒரு சிறு வட்டம், தங்களுக்குள்ளேயே மோதி மோதிக் கூர்மையாகியிருந்தது. 'நீ' அவர்களோடு பழகவென்றே பாகிஸ்தான் போனார்.

ஆகவே தம்பிமாருக்கு நான் சொல்வது இதுதான். நாலு பேர் என்பது குறைவல்ல, நாலு பேரும் ஒருவருக்கொருவர் வித்தையை ஒளிக்காவிட்டால். தோற்ற ஆட்டத்தைக் கணக்குப் புத்தகம் போல எழுதுங்கள்: எந்த அடியில் விழுந்தேன், எத்தனை தரம்? பயிற்சிப் பகுதியில் எதிராளியின் அந்த அடியைப் பதிவு செய்து, தடுக்கப் பழகும்வரை திரும்பத் திரும்ப ஆடுங்கள். நண்பன் உங்கள் தந்திரத்தைத் தெரிந்துகொண்டால் கவலைப்படாதீர்கள். புதியது தேட அதுவே வழி.

பெற்றோருக்கும் ஒரு சொல். எல்லாப் பிள்ளையும் சம்பியன் ஆகாது. ஆனால் எதிராளி இல்லாத பிள்ளைக்கு அரைமணி நேரம் எதிரே உட்கார ஒருவர் வேண்டும். மணிலாவில் ஒரு தாய் செய்தது அவ்வளவுதான்.